மெஷினுக்குக் கொடுத்த விரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மெஷின் மீது எந்தப் பிழையும் இல்லை. தன்னிடம் மாட்டப்பட்டதை அது ஒழுங்காகத்தான் அளந்தது. இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்பார்கள், வெள்ளைக்காரன் கழித்துப் போட்டதை நம் தலையில் கட்டிவிட்டான் என்பார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகும் அப்படித் தலையாட்டிக்கொண்டிருந்தால் எழுதுவதே வீண்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "ஒம் மகதான் டீச்சராயிட்டாளே, இனி எதுக்கு மலைக்கு ஏறுற?" என்று லயத்து வரிசை வீடுகளில் யாராவது கேட்டால், "வீட்ல குந்தினா எனக்குக் கை கால் வெளங்காமப் போயிரும்" என்பார். அதற்காக நான் அவரோடு சண்டை போடாத வாரம் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய் வேறு நீளம். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரில் தொடங்கித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாளில் மட்டும் அந்த வாய் எனக்கு உதவவில்லை.

அம்மாவுக்குப் பத்து நாளாக இருமல். விடாத மழை. டிஸ்பென்சரியில் கொடுத்த சிவப்புத் தண்ணி மருந்தைக் குடித்துக்குடித்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தினமும் மலைக்குப் போனார். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது லயத்துப் படிக்கட்டில் பாதி ஏறி உட்கார்ந்திருந்தார். கூடை பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

"கொஞ்சம் மூச்சு வாங்குது பாப்பா. வேற ஒண்ணுமில்ல" என்றார். அந்தச் சின்னப் பேச்சையே மூன்று துண்டாக்கித்தான் சொல்ல முடிந்தது.

பசாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் தன் வேனைக் கொடுத்தார். டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்ட்டில் அம்மாவைப் படுக்கவைத்து முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க்கைப் போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டி இரண்டு பக்கமும் இறுகிவிட்டது என்றார்கள்.

மறுநாள் காலையில் டொக்டர் வந்தார். சிங்களப் பையன் என்றுதான் சொல்லவேண்டும், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார், ஆனால் பேசுவார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் கைக்கடிகாரத்தையும் அம்மாவின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். முகம் சுருங்கியது. மிஸ்ஸியைக் கூப்பிட்டு மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். நர்ஸை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவரும் சிங்களம்தான். நாற்பது நோயாளிக்கு அன்றைக்கு அவர் ஒருவர்.

மெஷின் சின்ன டெலிவிஷன் பெட்டி போல இருந்தது. சக்கரம் வைத்த மேசையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முழு ஆஸ்பத்திரிக்கும் அது ஒன்றுதான், வெளிநாட்டிலிருந்து யாரோ தர்மமாக அனுப்பியது. நெஞ்சில் மூன்று வில்லைகளை ஒட்டியதும் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடியது. கையில் சுற்றிய பட்டி தானாகவே ஊதி, தானாகவே இறங்கி, பிரஷரைக் காட்டியது. அம்மா மாஸ்க்குக்குள் இருந்து அதையெல்லாம் சிறுபிள்ளை போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரத்தத்தில் இருக்கிற ஒக்சிஜனை அளக்க விரலில் கவ்வுகிற கிளிப் ஒன்று, உள்ளே சிவப்பு வெளிச்சம் எரிகிறது. அம்மாவின் வலக்கையில் செபமாலை சுற்றியிருந்தது. டொக்டரே அதை அவிழ்த்து இடக்கையில் வைத்துவிட்டு, ஆட்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினார்.

எண் வரவில்லை. மூன்று சின்னக் கோடுகள்தான் வந்தன. பிறகு மெஷின் கத்தத் தொடங்கியது.

அம்மாவின் விரல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பத்தைந்து வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள். நுனித் தோல் தடித்து, வெடித்து, வெடிப்புக்குள் கொழுந்துக் கறை கறுப்பாக இறங்கியிருந்தது. தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதோடு உடம்பில் இரத்த ஓட்டம் குறைந்து, கை பனிக்காலத்துப் பைப்புத் தண்ணீர் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. மெஷினின் வெளிச்சம் அதற்குள் எங்கே புகும்?

டொக்டர் ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துப் பார்த்தார். பஞ்சு பழுப்பானது, விரல் அப்படியே இருந்தது. "டீ... போகாது" என்று சிரித்தார். பிறகு அம்மாவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினார். எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கையை ஒரு டொக்டர் அப்படிப் பிடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பக் கிளிப்பை மாட்டியதும் எண் வந்தது. எண்பத்தாறு.

அவர் மிஸ்ஸியிடம் சிங்களத்தில் சொன்னது என்னவென்று எனக்கு நாலைந்து மணிநேரம் கழித்துத்தான் தெரிந்தது. வாசிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பகல் இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் கண்டிக்குப் போகும். அதில் ஒருவர்தான் படுத்துப் போகலாம், கூடப் போகிற சின்ன ஒக்சிஜன் சிலிண்டரும் ஒன்றுதான். தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு மூச்சுக் கொடுக்கிற மெஷின் கண்டியில்தான் இருந்தது. இந்த அம்மாவின் எண்ணை அரைமணிக்கு ஒருமுறை எழுதிவையுங்கள், தொண்ணூறுக்குக் கீழேயே நின்றால் இரண்டு மணி ஆம்புலன்ஸில் இவரை அனுப்புவோம். இதுதான் அவர் சொன்னது.

என்னிடம் சொன்னது வேறு. "டீச்சர், கை சூடா வைங்க. ஆட்ட வேணாம்" என்றார். நான் நல்ல மாணவி மாதிரித் தலையை ஆட்டினேன். அந்த எண் என்ன, கூடினால் என்ன, குறைந்தால் என்ன, ஒன்றும் கேட்கவில்லை. விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேள் என்று நாள் முழுக்கப் பிள்ளைகளைப் போட்டு வறுத்தெடுக்கிறவள் நான். வெள்ளைக் கோட்டு முன்னால் நின்றதும், துரையின் பங்களா வாசலில் நிற்கிற என் அம்மாவாகிவிட்டேன். நூற்றுக்கு எண்பத்தாறு, நல்ல மார்க்தானே என்றுகூட நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

டொக்டர் போய்ப் பத்து நிமிடத்தில் கை மறுபடி சில்லிட்டது. எண் போய்க் கோடு வந்தது. மெஷின் கத்தியது. மிஸ்ஸி வார்ட்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து ஒரு பொத்தானை அமுக்கி, கிளிப்பைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் மறுபடி கத்தியது. மறுபடி ஓடிவந்தார். மூன்றாம் முறை அவருக்குப் பொறுக்கவில்லை. கையை ஆட்ட வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது, எனக்கு இங்கே வேறு வேலை இல்லையா என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். அவர்மீதும் குற்றமில்லை. அடுத்த கட்டிலில் ஒருத்தி கால் இரண்டும் வீங்கி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு சாய்ந்திருந்தாள். இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம், பிள்ளை பெற்று இரண்டு வாரம், இதயத்தில் கோளாறு. மிஸ்ஸி அவளையும் பார்க்கவேண்டும்.

"ஐயோ, நான் ஆட்டவே இல்லையே. அவங்ககிட்ட சொல்லு பாப்பா" என்றார் அம்மா. வாழ்நாளெல்லாம் கங்காணியிடம் பேச்சு வாங்கிய பயம் அந்தக் குரலில் இருந்தது. அந்த நிலையிலும் யாரோ தன்மேல் கோபப்பட்டதுதான் அவருக்குப் பெரிதாகப்பட்டது.

நான் வார்ட்டு வாசலில் பிளேன்டீ வாங்கிவந்து, சூடான கண்ணாடிக் கோப்பையை அம்மாவின் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. எண்பத்துமூன்று. வந்தவுடன் மெஷின் முன்னைவிட உரக்கக் கத்தியது. மிஸ்ஸி வந்தார், கோப்பையைப் பார்த்தார், "எப்பா, எப்பா, வேணாம்" என்று அதைப் பிடுங்கி அப்பால் வைத்தார். அம்மாவின் கை நடுங்கியதால்தான் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துவிட்டார் போல. அந்த எண்ணை எழுதாமலே போய்விட்டார். உண்மையான எண் வந்ததற்குத்தான் எங்களுக்குத் திட்டு விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். திட்டம்போட்டுச் செய்யவில்லை. மெஷின் திரும்பக் கத்தப்போகிறது, அம்மா என் முகத்தையே பார்க்கிறார், மிஸ்ஸி முதுகைக் காட்டிக்கொண்டு இறம்பொடைப் பெண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவின் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டேன். போர்வையின் கீழே இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கை சூடேறும் வரைக்கும், கொஞ்ச நேரத்துக்கு, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெஷின் கப்சிப்பென்று அடங்கியது. தொண்ணூற்றேழு.

இப்படிச் செய்ய எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, நான் அதற்குள்ளேயே வளர்ந்தவள். எழுபதுகளின் நடுவில், மாவுக்கும் அரிசிக்கும் தோட்டமே தவித்த காலத்தில், மலையில் பெண்கள் பசியில் தள்ளாடித்தான் கொழுந்து பறித்தார்கள். மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் நிறுக்கும்போது இத்தனை கிலோ என்று எடை இருக்கவேண்டும். குறைந்தால் எல்லோருக்கும் முன்னால் பேச்சு விழும், அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். அதனால் நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது, முடியாதவளின் கூடையில் பக்கத்தில் நிற்கிறவள் தன் கூடையிலிருந்து ரெண்டு கை அள்ளிப் போட்டுவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடுவார்கள், காய்ச்சல்காரிக்குப் போடுவார்கள். பேச்சே இருக்காது. வாங்கினவளும் திரும்பிப் பார்க்கமாட்டாள், கங்காணியும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் விட்டு நான் மடுவத்துப் பக்கம் போய் நிற்கிற நாட்களில் அம்மா அப்படிப் போடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தராசு காட்டுகிற கிலோ சரியாக இருந்தால் அன்றைக்கு ஒருத்தி தப்பித்தாள். எங்களுக்கு எண் என்றால் அதுதான் அர்த்தம். குறைந்தால் ஏச்சு, நிறைந்தால் நிம்மதி. என்னிடம் நிறைய இருந்தது, அம்மாவிடம் இல்லை, அள்ளிப் போட்டேன்.

மிஸ்ஸி வந்தார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "ஹா, ஹொந்தாய், நல்லம்" என்று அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கட்டிலில் தொங்கிய அட்டையில் 97 என்று எழுதினார். முதல் முறையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி எப்படிக் கலைப்பது?

அம்மா என்னையும் மெஷினையும் பார்த்தார். போர்வைக்குக் கீழே நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. கிளிப் தன் விரலில்தான் இருக்கிறது என்று நினைத்தார். அவருடைய விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"கூடிருச்சா பாப்பா?"

"கூடிருச்சும்மா. தொண்ணூத்தேழு."

"அப்ப நமக்குக் கொணமாவுது" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் நெஞ்சு தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, மெஷின் சொன்னதை நம்பத் தொடங்கிவிட்டார். அதுவரைக்கும் "நெஞ்சு அடைக்குது" என்று முனகிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மெஷின் நல்லாயிருக்கிறது என்று சொல்லும்போது முறைப்பாடு சொன்னால் பொய்க்காரியாகிவிடுவோம் என்று நினைத்திருப்பார். மூச்சு மட்டும் அப்படியேதான் இரைத்தது.

இரண்டு மூன்று தடவை கிளிப்பைத் திரும்ப அம்மாவின் விரலில் மாட்டிப் பார்த்தேன். கோடுதான் வந்தது. கத்துவதற்கு முன் எடுத்து என் விரலில் போட்டுக்கொண்டேன். அட்டையில் 97, 97, 96, 98 என்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. எல்லாம் என்னுடையவை. மிஸ்ஸிக்கு அழகான கையெழுத்து.

ஒரு மணிக்கு டொக்டர் வந்தார். வாசலில் அவர் குரலைக் கேட்டதுமே கிளிப்பைக் கழற்றி அம்மாவின் விரலில் சொருகிவிட்டேன். அவர் கட்டிலருகே வந்தபோது கோடுதான் இருந்தது. மெஷின் கத்தியது. மிஸ்ஸி அதை அமுக்கிவிட்டு, காலையிலிருந்து இந்தக் கிளிப் நழுவிக்கொண்டே இருக்கிறது என்று ஏதோ சொல்லி அட்டையைக் காட்டினார். டொக்டர் எண்களை மேலிருந்து கீழே பார்த்தார். அம்மாவின் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மூச்சு வேகம்தான்" என்றார், யாருக்கென்று இல்லாமல். "ஆனா நம்பர் நல்லம். அம்மா, எப்படி இருக்கு?"

அம்மா மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினார். "இப்ப நல்லாருக்குங்க ஐயா" என்றார். ஐயா என்று முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டொக்டர் எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றார். அவர் திட்டுகிறவரும் இல்லை. 'அது என் விரல், சேர்' என்ற நாலு சொல்லைச் சொல்ல எனக்குச் சிங்களம் தேவையில்லை, இங்கிலீஷும் தேவையில்லை. டீச்சர் பொய் சொன்னாள் என்று வார்ட்டு முழுக்கச் சிரிக்கும் என்ற வெட்கம். மிஸ்ஸி என்ன சொல்வாரோ என்ற பயம். அடுத்த தடவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்ற சோம்பேறித்தனம்கூட. மெஷினை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிப் போனார்கள். இறம்பொடைப் பெண்ணுக்கு எண்பத்திரண்டு காட்டியது. அவளுக்கு அவளுடைய விரல்தான் இருந்தது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்ட்ரெச்சர் வந்தது. அந்தப் பெண்ணைத் தூக்கிப் படுக்கவைத்து, காலடியில் சிலிண்டரை வைத்துக் கட்டினார்கள். அவளுடைய மாமியார் குழந்தையைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மிஸ்ஸி அவர்களை அனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். களைத்துப்போயிருந்தார், ஆனால் சந்தோஷமாக இருந்தார்.

"ஒங்க அம்மாக்கு நம்பர் நல்லம் வந்தது. இல்லாட்டி அம்மாதான் கண்டி போறது. இந்தப் புள்ளைக்கு எடம் இல்ல" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தார்.

செருப்பைக்கூடப் போடாமல் வராந்தாவுக்கு ஓடினேன். மழைக்குள் ஆம்புலன்ஸ் கீழ்வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கத்தினேனா என்று ஞாபகமில்லை. கத்தியிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்? ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். நான் ஓடியது அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு என் அம்மாவை ஏற்றுவதற்குத்தான். அவள் பிழைத்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக நான் சந்தோஷப்படுவதா, அழுவதா? இன்றைக்கும் தெரியவில்லை.

டொக்டரைத் தேடிப் போனேன். அவர் வெளிநோயாளர் பகுதியில் இருந்தார். கதவில் நின்ற ஊழியர், எல்லாரும் வரிசையில்தான் வரவேண்டும் என்று என்னை மறித்தார். அம்மாவுக்கு அவசரம் என்றேன். இங்கே வந்திருக்கிற எல்லாருக்கும் அவசரம்தான் என்றார். அது என்னவோ உண்மை. வாங்குகளில் உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் ஐம்பது அறுபது பேர். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கவேண்டும். நான் வரிசையில் நின்றேன். எப்படித்தான் நின்றேனோ, நாசமாய்ப்போன கால்கள், நின்றேன். என் முறை வரும்போது மூன்று மணி.

தமிழும் இங்கிலீஷுமாக உளறிக்கொட்டினேன். என் விரலைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஏசுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "ஏன் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வார்ட்டுக்கு ஓடினார்.

மெஷினைத் திரும்பத் தள்ளிவந்தார்கள். இந்தத் தடவை விரலைத் தொடவில்லை. அம்மாவின் காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, காது மடலைத் தேய்த்து அங்கே கிளிப்பை மாட்டினார். எழுபத்துநாலு. மெஷின் வாயைக் கிழித்துக்கொண்டு கத்தியது. சத்தத்தை நிறுத்திவிட்டு, தலைமாட்டில் இருந்த பெரிய சிலிண்டரின் திருகை அது திரும்புகிற மட்டும் திருப்பினார். எழுபத்தாறு ஆனது, எழுபத்தைந்து ஆனது.

அவர் டெலிபோன் செய்யப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். கண்டிக்குப் பேசினார், பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பேசினார். ஆம்புலன்ஸ் கண்டியைச் சேரவே ஐந்து மணியாகும். மலைப்பாதையில் மண் சரிந்துகொண்டிருந்ததால் இரவில் திரும்பமாட்டார்கள், காலையில்தான் வரும். ஆஸ்பத்திரியின் மற்ற வண்டி சக்கரம் கழற்றிக் கட்டையில் நின்றது.

"நான் வேன் பிடிச்சுட்டு வாறேன் சேர்" என்றேன்.

"ஒக்சிஜன் இல்லாம ரெண்டு மூணு மணித்தியாலம். வழியிலேயே..." என்று நிறுத்திக்கொண்டார். வார்ட்டிலிருந்த பெரிய சிலிண்டர் ஆள் உயரம், சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியது, எந்த வேனிலும் ஏறாது. சின்னது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. இருபத்துநாலு வயதுவரை எதையாவது செய்து, யாரோடாவது சண்டை பிடித்து, எப்படியாவது காரியத்தை முடித்துவிடுகிறவளாக இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மிஸ்ஸிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அட்டையை எடுத்து, தான் எழுதிய நாலு எண்களையும் ஒரு கோடு போட்டு அடித்தார்.

அம்மாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. காதில் எதற்கு மாட்டியிருக்கிறார்கள் என்று சைகையால் கேட்டார். விரல் நோகுமென்று மாற்றியிருக்கிறார்கள் என்றேன். நம்பினார். நான் சொன்னதையெல்லாம் நம்பினார். உதடுகள் நீலம் பூத்திருந்தன. எண்ணைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். அந்தக் கோணத்தில் அவருக்கு அது தெரியவில்லை.

"எத்தன காட்டுது பாப்பா?"

எழுபத்துமூன்று காட்டியது.

"தொண்ணூத்தேழும்மா" என்றேன்.

மாஸ்க்குக்குள் சிரித்தார். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "அப்ப நீ நாளைக்கி ஸ்கூலுக்குப் போ. புள்ளைங்க சும்மா குந்தியிருக்கும்" என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா ஆறு மணிக்கே போய்விட்டார். டிரைவருக்கு அது தெரியாது. ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் இறக்கிவைத்துவிட்டு, "கண்டிக்குப் போக வேண்டிய அம்மா யாருங்க?" என்று வாசலில் நின்ற என்னிடம் கேட்டார்.